உப்பு, கருப்பட்டி, கருவாடு: தூத்துக்குடிக் கடலோர உணவுப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் தொடங்கி ஆத்தூர், காயல்பட்டினம், திருச்செந்தூர், உடன்குடி வழியாக மணப்பாடு வரை சிறு குழுக்களை அழைத்துச் செல்கிறோம். உப்பு விளைவிப்பவர்கள், பனையேறிகள், மீனவர்கள், வெற்றிலை விவசாயிகள், அடுமனைக்காரர்கள் ஆகியோரை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே சந்திக்கும் பயணம் இது. தொலைபேசியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

இது சாப்பாட்டுச் சுற்றுலாதானே?

சாப்பிடுவீர்கள், வயிறு நிறையவே சாப்பிடுவீர்கள். ஆனால் உணவகம் உணவகமாக ஏறி இறங்கும் பயணத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். நாம் போகும் இடங்களில் யாரும் நமக்காக வேலையைச் செய்துகாட்டுவதில்லை. அவர்களுக்கு எப்போது வேலையோ அப்போது நாம் போய் நிற்கிறோம். அதனால் ஒருநாள் விடியுமுன் எழுந்து உப்பளத்துக்குப் போக வேண்டியிருக்கும். இன்னொரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்க வேண்டியிருக்கும். நடுப்பகலில் பெரும்பாலும் அறையில் படுத்துத் தூங்கலாம். அந்த வெயிலில் இந்தப் பக்கத்துக்காரர்களே வெளியே தலைகாட்ட மாட்டார்கள்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

இதற்கு மூன்று கணக்குகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

முதலாவது உப்பு. வடகிழக்குப் பருவமழை முடிந்து, பாத்திகளைச் சேறு வாரிச் சீர்செய்து, பிப்ரவரி வாக்கில் உப்பு எடுக்கத் தொடங்குவார்கள். செப்டம்பர் வரை ஓடும். மழை இறங்கியதும் அளத்தில் வேலை இல்லை. இந்த வேலையில்லாக் காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருகிறது. 

இரண்டாவது பனை. மாசி, பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கி ஆடி வரை வரும். 

மூன்றாவது மீன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான், அதுவும் யானை விலை.

ஆகவே மூன்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒரு வாய்ப்பு, ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஜூலை 25 வரை இன்னொரு வாய்ப்பு. முதலாவதில் வெயில் சற்றுத் தாங்கும். பதநீர் அப்போதுதான் தொடங்கியிருக்கும். இரண்டாவதில் தடை முடிந்து மீன் கொட்டும்; கருப்பட்டியும் நிறையக் காய்ச்சுவார்கள். ஆனால் ஆனி, ஆடிக் காற்று சும்மா விடாது. குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால் செம்மணல் கண்ணிலும் காதிலும் ஏறும். அந்தத் தேரிகளை மேடு மேடாகக் குவித்து வைத்ததே இந்தக் காற்றுதான்.

என்னைக் கேட்டால் ஜூலையைத்தான் சொல்வேன். காற்றுக்கு ஒரு துண்டு போதும்.

அக்டோபர், நவம்பர், டிசம்பரில் குளிராக இருக்குமே, அப்போது வரலாமா?

அப்போது நாங்கள் பயணம் வைப்பதில்லை. அளம் தண்ணீரில் கிடக்கும், விடிலிகள் பூட்டிக் கிடக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணிக் கரை முழுக்க வெள்ளக்காடாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் அப்படி நடக்காது என்றாலும் பார்க்க எதுவும் இல்லாத மாதத்தில் உங்கள் பணத்தை வாங்க மனம் வரவில்லை. பனங்கிழங்கு மட்டும் சாப்பிட வேண்டும் என்றால் தை மாதம் நீங்களாகவே வாருங்கள், தெருவெல்லாம் கிடைக்கும்.

விடிலி என்றால் என்ன? அங்கே என்ன நடக்கும்?

பனங்காட்டுக்குள் ஓலையால் வேய்ந்த தாழ்வான குடிசைதான் விடிலி. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கும் இடம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கருப்பட்டி பிறப்பது இப்படிப்பட்ட குடிசைகளில்தான்.

பனையேறி விடியற்காலையில் மரத்தில் இருப்பார். பாளையை அரிவாளால் காகிதம்போல மெல்லிசாகச் சீவி, அதிலிருந்து சொட்டும் பதநீரைப் பிடிக்கக் கலயம் கட்டியிருப்பார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும். அது இல்லையென்றால் சில மணி நேரத்தில் பதநீர் புளித்துவிடும். காலையும் மாலையும் ஏறிச் சீவவில்லை என்றால் பாளை ஊறுவதை நிறுத்திவிடும். அதனால் பருவம் முழுக்க விடுமுறை என்பதே கிடையாது. நாம் பார்க்கும்போது அவர் இறங்கி ஏறுவது எளிதாகத் தெரியும். அப்படித் தெரிவது அவருடைய பழக்கத்தால்.

இறக்கிய பதநீர் விடிலிக்கு வந்ததும் வேலை பெரும்பாலும் பெண்கள் கைக்குப் போகிறது. வடிகட்டி அடுப்பேற்றுவார்கள். பனமட்டையும் உடைமுள்ளும்தான் விறகு. புகை கண்ணைக் கரிக்கும். கொதி ஏறியதும் நுரை விளிம்பு வரை பொங்கும். அந்த நேரத்தில் காய்ச்சுகிற அக்கா, இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் தூவுவார். நுரை அப்படியே அடங்கிவிடும். பிறகு மணிக்கணக்கில் கிண்டல். பதநீர் பழுப்பேறி, பாகாகி, கரண்டியிலிருந்து கயிறாக இறங்கும். அதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் பதம். உடனே இறக்கி, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றுவார்கள். கொஞ்சம் பிந்தினாலும் அடிப்பிடித்துக் கசந்துபோகும். ஆகவே பதம் பார்க்கும் நேரத்தில் அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். ஊற்றி முடித்ததும் அவரே பேசுவார், அடிச்சட்டியைச் சுரண்டித் தின்னவும் கொடுப்பார். பயணத்திலேயே மிக ருசியானது எது என்று கேட்டால் பலரும் அந்தச் சுரண்டலைத்தான் சொல்கிறார்கள்.

நல்ல கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையை வைத்தே பாதி சொல்லிவிடலாம். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அத்தனை பதநீரை இறக்கிய கூலி, விறகு, காய்ச்சிய நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் வெல்லத்தின் விலைக்குக் கருப்பட்டி கிடைக்க வழியே இல்லை. அந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் உள்ளே சர்க்கரை இருக்கிறது.

உடைத்துப் பாருங்கள். சர்க்கரை கலந்தது உள்ளே பளபளவென்று மினுங்கும், கல்லாக இருக்கும். நல்லது மங்கிய கரும்பழுப்பாக இருக்கும். நாக்கில் முதலில் இனித்துப் பிறகு மெல்லிய கரிப்பும் சுண்ணாம்பு வாசமும் தட்டும். மழைக்காலத்தில் இளகும். இளகுவதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். சுக்கும் மிளகும் ஏலமும் சேர்த்த சில்லுக் கருப்பட்டி தனி வகை. திருச்செந்தூரில் ஓலைக் கொட்டானில் கட்டிக் கொடுப்பார்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. கருப்பட்டி சாப்பிடலாம் அல்லவா?

கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பகுதி சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச்சத்து கூடுதலாக இருப்பதால் இரத்தச் சர்க்கரை ஏறாமல் போகாது. இணையத்தில் பரவும் பேச்சை நம்பி அளவு மீற வேண்டாம். மருத்துவர் வெள்ளைச் சர்க்கரைக்குச் சொன்ன கட்டுப்பாடு இதற்கும் பொருந்தும்.

கள் கிடைக்குமா?

கிடைக்காது. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. பனையேறியிடம் சாடை மாடையாகக் கேட்பதையும் தவிர்த்துவிடுங்கள். உங்களுக்கு அது வேடிக்கை, அவருக்கு வழக்கு.

உப்பளத்தில் என்ன பார்க்கலாம்?

தமிழ்நாட்டு உப்பின் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வருகிறது. இந்திய அளவில் குஜராத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆனால் கடல்நீர் தானாக வந்து பாத்தியில் நிற்பதாகப் பலர் நினைத்து வருகிறார்கள். இங்கே பெரும்பாலான அளங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து உவர்நீர் இறைக்கிறார்கள். அது நிலத்தடியில் கிடந்து கடல்நீரைவிடக் காட்டமாக இருக்கும். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி (இது சூட்டை அளக்கும் டிகிரி அல்ல, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் ‘போமே’ டிகிரி); வெயிலில் பாத்தி பாத்தியாக மாற்றி 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு பூக்கும். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்து நின்றுவிடும். 29 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். அதனால் மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். ஒரு கண்ணாடிக் குழாயை நீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

விடிவதற்கு முன்பே போவதற்குக் காரணம் உண்டு. தொழிலாளர்கள் பலர் அதிகாலை இருட்டிலேயே டார்ச் வெளிச்சத்தில் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்ப்பார்கள். பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. கறுப்புக் கண்ணாடியோடு நாம் ஒருமணி நேரம் நிற்பதே பெரிய பாடு. ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களுக்குக் கண்ணும் காலும் என்ன ஆகும் என்று அவர்களே சொல்வார்கள், கேளுங்கள்.

இன்னொன்று: அளத்தில் கழிப்பறை கிடையாது. காலையில் அறையிலேயே எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவோம். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு இந்த வசதியில்லாமை நாள் முழுக்கத்துக்குமானது.

அளத்து உப்பை வீட்டுக்கு வாங்கிப் போகலாமா?

அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்கென்று விற்கத் தடை உண்டு. அளத்தில் கிடப்பது அயோடின் சேர்க்காத, கழுவாத உப்பு. ஒரு பிடி ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சமையலுக்கு வேண்டுமென்றால் அயோடின் கலந்த கல்லுப்பைக் கடையில் வாங்குங்கள். இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் 2022 முதல் ‘நெய்தல்’ என்ற பெயரில் விற்கிறது.

மீன் ஏலத்தில் நாங்களும் கேட்கலாமா?

தள்ளி நின்று பாருங்கள். தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலையில் போய் இரவில் திரும்புபவை. கூடை இறங்கியதும் ஏலம் படபடவென்று ஓடும். தலையை ஆட்டினாலே விலை ஏறிவிடும். மீன் வாங்க ஆசை இருந்தால் காலையில் திரேஸ்புரம் கரைக்குக் கூட்டிப்போகிறோம். நாட்டுப்படகு மீன், அளவாக வாங்கலாம். தங்கும் வீட்டில் குழம்பு வைத்துத் தருவார்கள். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று கேட்டால் இங்கே சீலா என்று எடுத்துக் கொடுப்பார்கள், விழிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போகாது, அதற்கேற்பவே நாள் குறிக்கிறோம்.

கடல் அட்டை, கடல் குதிரை போன்றவற்றை யாராவது காட்டி விலை சொன்னால் கையால்கூடத் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை; வாங்கியவருக்கும் தண்டனை உண்டு.

கருவாடு வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எங்கே காய்ந்தது என்று முதலில் பாருங்கள். வெறும் மணலில் பரப்பியதை நாங்கள் வாங்குவதில்லை. மென்றால் மணல் பல்லில் நெறுநெறுக்கும். வலைமேடையிலோ சிமெண்டுத் தளத்திலோ காய்ந்ததைக் கேளுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. உப்பு போட்ட கருவாட்டில் இளஞ்சிவப்பு படர்ந்திருந்தால் கெட்டுப்போனது, கழுவினாலும் திருந்தாது. நெத்திலி வெள்ளி மின்ன வேண்டும்.

மாசிக் கருவாடு தனி உலகம். சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டையாகும் வரை காய வைத்தது. கத்தி இறங்காது, இடித்துத்தான் ஆக வேண்டும். தேங்காய், வற்றல் மிளகாய், புளியோடு அரைத்த மாசிச் சம்பலுக்குப் பழைய சோறு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

நாங்கள் சைவம். வருவதில் பயன் உண்டா?

தாராளமாக. உப்பு, பதநீர், கருப்பட்டி, நுங்கு, வெற்றிலை, முருங்கை எல்லாம் உங்களுக்கும்தான். ஏலத்துக்கு வராமல் அறையில் இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: தூத்துக்குடி மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு இருக்கிறது. முந்திரி இனிப்பு என்று நினைத்து ஒரு டப்பாவைக் காலி செய்த பிறகு தெரிந்துகொண்டு வருந்தியவர்கள் உண்டு. முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களும் அதைத் தொடக் கூடாது.

மக்ரூன் செய்வதைப் பார்க்க முடியுமா?

ஒரு பழைய அடுமனையில் பின்கட்டு வரை அனுமதிக்கிறார்கள். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள் மூன்றே பொருள்தான். வெள்ளைக்கருவை நுரை நிமிர்ந்து நிற்கும் வரை அடித்து, முந்திரியைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பிப் பிழிந்து சிறு கோபுரங்களாக வைக்கிறார்கள். அதிகச் சூடு கூடாது. மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்து உலர வேண்டும். ஈரக்காற்று பட்டால் நமுத்துவிடும். ஊருக்குப் போன பிறகு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

ஆத்தூரில் என்ன?

தாமிரபரணிப் பாசனத்தில் வளரும் வெற்றிலை. 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி மூன்றையும் அடுத்தடுத்து மென்று பாருங்கள், காரம் எப்படி மாறுகிறது என்று தெரியும். அகத்தியில் படரவிட்ட கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெளியே கொளுத்தும் வெயில் மறந்துபோகும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

காயல்பட்டினத்துக் களரிச் சாப்பாடு கிடைக்குமா?

அது கல்யாண வீட்டுச் சாப்பாடு. நெய்ச்சோறு, களரிக் கறி, கத்தரிக்காய் மாங்காய். உணவகங்களில் கிடைக்கும் பெயரொத்த பண்டம் வேறு. ஊரில் உள்ள ஒரு சமையல்காரரிடம் சொல்லி, குழுவுக்கென்று ஆக்கச் சொல்கிறோம். சஹன் என்னும் பெரிய தட்டில் வைத்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். தனித்தட்டு வேண்டுமென்றால் தருவார்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கூச்சத்தை விட்டு ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஏன் இல்லை?

இரண்டும் கடற்கரையை விட்டு விலகி இருக்கின்றன. கடலை மிட்டாய் கரிசல் காட்டுச் சரக்கு. ஊர் திரும்பும் வழியில் நீங்களே இறங்கி வாங்கலாம்.

ஏன் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை?

விடிலிக்குள் அதற்கு மேல் ஆள் நுழைந்தால் அடுப்பண்டை நிற்பவருக்குக் கையை வீச இடம் இருக்காது. வேனிலும் பன்னிரண்டு இருக்கைதான்.

உற்பத்தியாளர்களுக்குப் பணம் கொடுக்கிறீர்களா? நாங்கள் பேரம் பேசலாமா?

கொடுக்கிறோம். ஒரு குழு வந்து நின்றால் அவர்களுடைய ஒரு பொழுது வேலை தாமதமாகிறது. அதற்கான தொகை உங்கள் கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது. பொருளுக்குத் தனி விலை. அங்கே பேரம் வேண்டாம். பனையேறிகள் பலர் பருவத் தொடக்கத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். காய்ச்சியதில் பெரும்பகுதி அவருக்கே போய்ச் சேர வேண்டும். ‘அண்ணாச்சி, இன்னும் அஞ்சு கிலோ’ என்று வற்புறுத்தினால் இல்லையென்று சொல்ல அவருக்குச் சங்கடம். அவர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். மரத்தில் ஏறியிருப்பவரை அண்ணாந்து கூப்பிட்டு ‘இங்கே பாருங்கள்’ என்று சொல்வது ஆபத்து. அளத்தில் ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

குழந்தைகள், வயதானவர்கள் வரலாமா?

பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் வரலாம். கொதிக்கும் பாகு பக்கத்தில் சிறுகுழந்தையை வைத்துக்கொண்டு எங்களால் நிம்மதியாக நிற்க முடியாது. வயதானவர்களுக்கு வரப்பில் நடப்பதுதான் சிரமம், வழுக்கும். மற்ற இடங்களில் வேன் அருகிலேயே போகும்.

எப்படி வந்து சேர்வது?

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பிக் காலையில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து விடும். விமானத்தில் வருபவர்கள் வாகைக்குளத்தில் இறங்கலாம். திருச்செந்தூர் முருகனைப் பார்க்க ஒரு மாலை ஒதுக்கியிருக்கிறோம். மணப்பாட்டு மணல்மேட்டில் இருக்கும் திருச்சிலுவை ஆலயத்துக்கும் நேரம் உண்டு. பனிமய மாதா திருவிழா நடக்கும் ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் ஜூலை 26இலிருந்து ஆகஸ்ட் 5 வரை பயணம் கிடையாது.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

பருத்தி உடை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர்ப் புட்டி, வழுக்காத செருப்பு. மூடி இறுக்கமான டப்பா ஒன்றிரண்டு கட்டாயம்; கருவாட்டை வெறும் பையில் கட்டி ரயிலில் ஏற்றினால் பெட்டி முழுக்க உங்களைத் தேடும்.

கிளம்பும் நாளில் மழை வந்தால்?

கோடை மழை ஒரு பொழுது பெய்தாலும் பாத்தி கெட்டுவிடும், அன்றைக்கு உப்பளம் இல்லை. அதற்குப் பதில் கருவாட்டுக் கிடங்கையோ கொடிக்காலையோ முன்னே நகர்த்துவோம். பயணமே ரத்தானால் முழுப்பணமும் திரும்பும். நீங்கள் வர முடியாமல் போனால், பத்து நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். களரிச் சமையலுக்கும் விடிலிக்கும் கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுவோம்.